காலுக்குப் பதில் ஒரு சுவிட்ச்

வன்னியம்பட்டி,
வெள்ளிக்கிழமை.

கர்த்தருடைய கிருபையால் மஸ்கட்டில் சுகமாக இருக்கும் மகன் எட்வினுக்கு, அம்மா ஞானபாக்கியம் எழுதுவது. இங்கே நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன். நீ கூப்பிட்டால் அப்பாதான் எடுத்து ஸ்பீக்கரில் போடுகிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. உன் கூட்டாளி மாரீஸ்வரன் நாளைக்கு லீவு முடிந்து திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். காராச்சேவும் இருக்கிறது. ஒருத்தனாகத் தின்று தீர்க்காமல் அறையில் எல்லாருக்கும் கொடு.

நம் லாரியில் எக்ஸாஸ்ட் பிரேக் பட்டனைக் காலால் மிதித்தால், புகைக்குழாயில் இருக்கும் வால்வு மூடி, இறக்கத்தில் வண்டி அடங்கும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அந்தப் பட்டன் சரியில்லை, கையால் போடுகிற சுவிட்சாக வேண்டும் என்று அப்பா கேட்டதும், வீடியோவில் ஒயர் ஒயராகக் காட்டிக் கொடுத்தாய். ராஜபாளையம் பட்டறையில் பிரேம்குமார் அதை அப்படியே ஸ்டீயரிங் பக்கத்தில் வைத்துக் கொடுத்தான். வேலை சுத்தம். அதில் ஒரு குறையும் இல்லை.

அன்றைக்கு நானும் பட்டறையில் இருந்தேன். என்ஜினை ஓடவிட்டு, வால்வு மூடுகிறதா என்று பிரேம்குமார் அடியில் படுத்துப் பார்த்தான். அப்பா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று, "என்னலே கருகுது, ஒயரா?" என்று கேட்டார்கள். "ஐயோ அண்ணாச்சி, காலை எடுங்க" என்று அவன் கத்தினான். அப்பாவின் வலது பாதம் சூடான குழாயில் ஒட்டியிருந்தது. அவர்களோ, லேசாகப் பட்டுவிட்டது என்று சிரிக்கிறார்கள்.

பிரேம்குமார் பழைய பட்டனை என் கையில் கொடுத்து, "இது நல்லாத்தான இருக்கு மதினி, எதுக்கு மாத்தச் சொன்னாவ?" என்று கேட்டான். அன்று ராத்திரி அப்பா தூங்கும்போது இரண்டு பாதத்தையும் நகம் பதியக் கிள்ளிப் பார்த்தேன். அசையவே இல்லை. சர்க்கரை வியாதி காலின் உணர்வைத் தின்றுவிட்டது எட்வின். பட்டனை மிதிப்பது காலுக்குத் தெரியாமல்தான் கைச் சுவிட்ச் கேட்டிருக்கிறார்கள். டாக்டரிடம் போனால் லாரியை விடச் சொல்வார் என்று பிடிவாதமாக மறுக்கிறார்கள். "வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய, உன் முகத்தையே பார்க்கவா" என்று என்னையே கேலி செய்கிறார்கள்.

போன வாரம் கொல்லத்துக்குப் பேண்டேஜ் துணி லோடு. புனலூரில் சித்தி வீட்டுக்குப் போக வேண்டும் என்று பொய் சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். ஆரியங்காவு தாண்டி இறக்கத்தில் சுவிட்சைப் போட்டார்கள். வண்டி அடங்கித்தான் இறங்கியது. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. பிரேக்கை மிதிக்க வேண்டும். அப்பா குனிந்தார்கள். பாதம் பெடல்மேல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மிதித்தார்கள். அத்தனை நேரமும் ரோட்டைப் பார்த்தது நான் ஒருத்திதான். பஸ் உரசாமல் போனது தேவ இரக்கம். அந்தச் சுவிட்ச் வேகத்தைக் குறைக்குமே தவிர வண்டியை நிறுத்தாது என்று பிரேம்குமார் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்பாவிடம் சண்டை போடாதே. சுவிட்ச் சொல்லிக் கொடுத்தோமே என்று நீயும் அழாதே. வீடியோவில் கூப்பிட்டு, பாதத்தைக் காட்டச் சொல். என்னிடம் மறைப்பவர்கள் உன்னிடம் மறைக்கமாட்டார்கள். நீ சொன்னால் டாக்டரிடமும் வருவார்கள்.

திங்கட்கிழமை மறுபடியும் கொல்லம் லோடு. அதற்குள் கூப்பிடு ராசா. நீ கூப்பிடாவிட்டால் நானும் வண்டியில் ஏறிவிடுவேன். அப்பா காலைப் பார்க்கிற நேரத்தில் ரோட்டைப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?

கர்த்தர் உன்னைக் கண்மணிபோல வைத்திருக்கட்டும். எங்கள் இருவருக்காகவும் ஜெபம் பண்ணு.

உன் அம்மா,
ஞானபாக்கியம் ஐயாதுரை