கைமாறும்போது விழுந்த ‘வேண்டாம்’

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் செயலியை வாங்கிய மருத்துவமனையின் புகார் மூன்று கை மாறி, கடைசியில் அதைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டிங் அக்காவின் மேசையில் வந்து விழுந்தது. ஒரு பெண் நோயாளி, ‘வீட்டு எண்ணுக்குக் குறுஞ்செய்தி வேண்டாம்’ என்று எங்கள் செயலியில் தெளிவாகக் குறித்திருக்கிறார். செய்தி வீட்டுக்கே போயிருக்கிறது. கணவன் படித்துவிட்டான். அவர் இப்போது வேறெங்கோ தங்கியிருக்கிறாராம்.

மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்தினார்: “சரியா இருக்குன்னு கையெழுத்து போட்டது நீங்கதானே? அப்புறம் எதுக்குங்க டெஸ்டிங்?”

அக்கா ஒப்பந்த ஊழியர். வெள்ளியோடு ஒப்பந்தம் முடிகிறது. இங்கே தப்பு எப்போதும் கீழ்நோக்கித்தான் உருளும்.

மார்ச் 5

அக்கா சோதித்த ஜனவரியில் எல்லாம் சரியாக இருந்தது. பிப்ரவரியில் நிரல்மொழியின் புதிய பதிப்புக்கு மாறினோம். கோளாறு அந்த மொழியோடு எல்லோருக்கும் வரும் மைய நூலகத்தில், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பில்! நிரலின் ஒரு பகுதியிடம் வேலை சொன்னால், அது உள்ளே இருக்கும் இன்னொரு பகுதியிடம் ஒப்படைக்கும். சொன்னதை அப்படியே கொடுக்க வேண்டும். ‘ஆம்’ போய்ச் சேர்கிறது. ‘இல்லை’, அதாவது அந்தப் பெண்ணின் ‘வேண்டாம்’, வழியிலேயே விழுந்துவிடுகிறது. உள்ளே இருப்பது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று ‘ஆம்’ போட்டுக்கொள்கிறது.

அந்த வரியை எழுதிய புண்ணியவான் யார் என்று தேடினேன்.

நான்.

போன வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, அந்த மொழியைப் பராமரிக்கும் தன்னார்வக் குழுவுக்குச் சம்பளமில்லாமல் எழுதிக் கொடுத்த திருத்தம். காலியான விவரங்களை வடிகட்டும் ஒரே வரி. ‘இல்லை’யையும் காலி என்று சேர்த்துத் தொலைத்திருக்கிறேன். அதைக் காட்டித்தான் இந்த வேலையே வாங்கினேன். வரும் திங்கட்கிழமை என் வேலை நிரந்தரமாகும் ஆணை வர வேண்டும்.

மார்ச் 6

அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. “ஆர்டர் கைக்கு வரட்டும்டா. அப்புறம் எந்த உண்மையை வேணா பேசு.”

கேண்டீனில் அக்கா: “அந்த ஸ்கிரீனை ரெண்டு தடவை பார்த்தேன் தம்பி. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. கண்ணு அவிஞ்சு போச்சா எனக்கு?”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். டீ ஆறிப்போச்சுன்னு சொன்னேன். தூ.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்னும் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கும்?

மார்ச் 7, வெள்ளி

காலையிலேயே அந்த மொழிக் குழுவுக்குப் புதிய திருத்தத்தை அனுப்பினேன். பழைய நிரலில் தோற்கும் சோதனை ஒன்றையும் கூடவே தர வேண்டும், காரணமும் எழுத வேண்டும் – அந்தக் குழுவின் விதி. எழுதினேன்: ‘பிழை என்னுடையது.’ அதையே அச்செடுத்து மேனேஜரிடம் கொடுத்து, குறுஞ்செய்திகளை உடனே நிறுத்தச் சொன்னேன்.

“ஏம்ப்பா, யாரோ வெளி ஆளுங்க பண்ண தப்புன்னு கிளையன்ட்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாமே?”

“அந்த வெளி ஆளே நான்தான் சார்.”

அக்கா வாசலில் நின்று கேட்டார். திரும்பித் தன் மேசைக்குப் போய்விட்டார்.

மார்ச் 10

ஆணை வரவில்லை. பயிற்சிக்காலம் இன்னும் ஆறு மாதம். அக்காவுக்கு மூன்று மாத நீட்டிப்பு – பிச்சை போடுவதுபோல. அந்தப் பெண் எப்படி இருக்கிறார் என்று மேனேஜரிடம் கேட்டேன். “அது நம்ம வேலையில்லப்பா.” பின்னே யார் வேலை?

மார்ச் 12

வெள்ளியிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத அக்கா, என் திருத்தத்தின் அச்சை மேசையில் போட்டார். ஒரு வரியைச் சுற்றி சிவப்புப் பேனாவில் வட்டம்.

“ஒரு கை மாறினா சரியா வருது. ரெண்டு கை மாறினா? பார்த்தியா?”

பார்க்கவில்லை. நிரலை அப்படி ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது கையில் ‘இல்லை’ மறுபடி விழுந்தது.

“நகரு,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு என் திரை முன்னால் உட்கார்ந்தார்.