கற்பின்னலில் ஒரு பிழை

மோர்டன்,
ஞாயிறு.

அன்பின் தர்சினி,

நீரும் மகளும் சுகந்தானே? எனக்குக் கால் வீக்கத்தைத் தவிர ஒரு குறையுமில்லை.

மியூசியத்தில் நான் காவல் நிற்பது ரோமர் காலத்துத் தரை ஒன்றுக்கு. சின்னச் சின்னக் கல் பதித்து, ஓரமெங்கும் மூன்று புரிப் பின்னல், மகளின் தலைப்பின்னல் போலவே. செவ்வாய்க்கிழமை சாப்பிடாமல் போனதில் தலை சுற்றி, அதன்மேலேயே குந்திவிட்டேன். அலாரம் அடிக்க, கூட வேலைசெய்யும் கீர்த்தனன் ஓடிவந்தான்.

"அண்ணை, எழும்புங்கோ! அதில குந்தேலாது!"

அப்போதுதான் கண்டேன். ஓரிடத்தில் மேலே போகவேண்டிய புரி கீழே போகிறது. பதித்தவனும் களைத்திருப்பான், பாவம்.

மகளுக்குப் பின்னும்போது வீடியோவில் ஒருக்கால் மெதுவாகக் காட்டும். நான் வரும் நாளில் நீர் பின்ன வேண்டாம். பிழை விட்டாலும் நானே பின்னுகிறேன். எந்த நாள் என்று அவள் கேட்டால் ஏதாவது சொல்லிவையும்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

கிருபாகரன்