நாலு அங்குல வாசற்படி

காலையிலிருந்து வீடெல்லாம் தேக்குத் தூள் வாசனை. தச்சர் என் வீட்டு வாசற்படியை அறுத்துக்கொண்டிருக்கிறார். நீ இருந்திருந்தால் சக்கர நாற்காலியை எதிர்வீட்டு வாசலில் நிறுத்திக்கொண்டு, ரம்பத்தின் ஒவ்வொரு இழுப்புக்கும் கைதட்டியிருப்பாய். அழ வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வருகிறது. இருபது வருஷம் ஒரே ஆபீஸில் உன் பக்கத்து மேஜையில் உட்கார்ந்த பழக்கம், வேறென்ன.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து நாற்காலிக்கு வந்த பிறகும் நீ ஒரு கிரகப்பிரவேசத்தையும் விட்டதில்லை. ஆனால் எந்த வீட்டுக்குள்ளும் போனதில்லை. கேட் அருகே நின்று படிகளைச் சத்தமாக எண்ணுவாய். பரிசுப் பொட்டலத்தை அங்கிருந்தே நீட்டுவாய். காபியும் கேசரியும் தெருவுக்கு வரும். மயிலாப்பூரிலிருந்து வேளச்சேரி வரை யார் வீட்டுக் காபி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். யார் வீட்டு ஹால் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது.

வேளச்சேரியில் அந்தக் கணக்குப் பிரிவு ஆள் வீடு கட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? வெள்ளத்துக்குப் பயந்து ஏழு படி உயரத்தில் கட்டியிருந்தார். நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உன்னை நாற்காலியோடு தூக்க வந்தார்கள். நீ இரண்டு சக்கரத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய்.

"எங்க சாந்தோம்ல மாதா சப்பரத்தையே வருஷத்துக்கு ஒரு தடவைதான் தூக்குவாங்க. என்னை வாரா வாரம் தூக்கணுமா? இறக்குங்கப்பா."

திரும்பி வரும்போது ஆட்டோவில், புதிதாகக் கட்டுகிற எல்லா வீட்டுக்கும் படி இல்லாத வாசல் ஒன்று கட்டாயம் வேண்டும், சட்டம் போட வேண்டும் என்றாய். தேவைப்படுகிறவர்கள் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டால் போதாதா என்று நான் கேட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"என் வீட்டுக்குள்ள போறதுக்கு நான் எப்படியோ வழி பண்ணிக்குவேன்டி. எனக்கு உன் வீட்டுக்கு வரணும்."

எங்கள் மந்தைவெளி அடுக்ககத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று முடிவானதும், சாய்தளம் கேட்டு நானே சண்டைக்குக் கிளம்பினேன். ஆலோசகர் என்று சொல்லி உன்னையும் கூட்டத்துக்கு அழைத்தேன். கட்டுநர் ஆபீஸ் மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. நீ கீழே பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு எனக்குப் போன் மேல் போன் போட்டாய். கடைசியில் எட்டு வீட்டுக்காரர்களும் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்தார்கள். இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் கூட்டம் நடந்தது.

"கடவுள் புண்ணியத்துல நம்ம பில்டிங்ல யாருக்கும் அந்த நிலைமை இல்லையே" என்றார் எங்கள் அடுக்ககச் சங்கச் செயலாளர்.

"ஸ்கூட்டர் ஓட்டிட்டிருந்த வரைக்கும் எனக்கும் இல்ல சார்" என்றாய் நீ. அவர் உடனே ஒரு இளநீர் வாங்கிக் குடித்தார்.

கட்டுநரின் என்ஜினியர் ஒரு சாய்தளம் வரைந்து காட்டினார். பூங்காவில் பிள்ளைகள் சறுக்குகிற பலகை மாதிரி இருந்தது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், இரண்டரை அடிக்கு முப்பது அடி என்று நீ கணக்குச் சொன்னாய்.

"மேடம், முப்பதடி போட்டா அது தெருவுக்கே போயிடும்."

"புடவையை நீட்டியா வைக்கிறோம், தம்பி? மடிச்சுப் போடுங்க."

மடித்துத்தான் போட்டார்கள். முடிந்த நாளிலிருந்து அதில் ஏறாத ஆள் இல்லை. தண்ணி கேன் வண்டி, சிலிண்டர், மூன்றாம் வீட்டுக் கைக்குழந்தையின் தள்ளுவண்டி, மூட்டுவலி செயலாளர், எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது.

கார்த்திகையில் பால் காய்ச்சினோம். நீ உதவி வேண்டாம் என்று சொல்லி முப்பது அடியையும் நீயே உருட்டி ஏறினாய். நெற்றியில் வியர்வை, முகத்தில் கலெக்டர் களை. லிஃப்டில் மூன்றாம் மாடிக்கு வந்தாய். ஆரத்தித் தட்டோடு நான் வாசலில் நின்றேன். உன் சக்கரம் 'டக்'கென்று இடித்து நின்றது.

இருவரும் குனிந்து பார்த்தோம். பழைய வீட்டு ஞாபகமாக நான் ஆசையாகக் கழற்றிக் கொண்டுவந்து பதித்த தேக்கு வாசற்படி. நாலு அங்குல உயரம். காலையில்தான் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தேன். ஒரு வருஷம் ஊரோடு சண்டை போட்டவளுக்குத் தன் வாசல் கண்ணில் படவில்லை.

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. நீயோ மாடிப்படியெல்லாம் எதிரொலிக்கச் சிரித்தாய். "முப்பதடி விட்டுட்டு நாலு அங்குலத்துல பிடிச்சிட்டியேடி" என்றாய். அந்தக் காபியையும் வெளியில்தான் குடித்தாய். சர்க்கரை குறைவு என்று குறை வேறு.

அன்றைக்கே அறுத்துவிடலாம் என்றேன். "பால் காய்ச்சின கையோட வாசல்லயா ரம்பம் வைப்பே?" என்றார் என் வீட்டுக்காரர். அப்புறம் மார்கழி வந்துவிட்டது, தை பிறக்கட்டும் என்றார். நானும் சரி என்றேன். அவர்மேல் பழி போட மாட்டேன், சரி என்று சொன்னது என் வாய்தான். போனில் உன்னிடம் சொன்னபோது, "தைக்கு நானே வந்து ரிப்பன் வெட்டறேன்" என்றாய். மார்கழி முடிய ஒரு வாரம் இருக்கும்போது மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, உன்மேலும் என்மேலும்.

தை பாதியாகிவிட்டது. இன்று தச்சருக்கும் மனசு வரவில்லை. "இன்னாமா, தேக்குமா இது. கல்லு மாரி கீது. இத்த போயி அறுக்க சொல்றியே. வூட்டுக்கு யார்னா பெரியவங்க வராங்களா?"

"வர வேண்டியவ வந்து நின்னுட்டுப் போயிட்டாப்பா. இது இனிமே வர்றவங்களுக்கு."

மத்தியானம் கட்டை கழன்றது. தரையைச் சமமாகப் பூசிவிட்டு, ராத்திரி வரை யாரும் மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். போன வாரம் கே.கே. நகரில் ஒரு புது வீட்டுக்குப் போயிருந்தேன். கேட் அருகிலேயே நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி படிகளை எண்ணினேன். ஐந்து. வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கியது. உன் குரல் என் தொண்டையிலிருந்து வந்ததில் எனக்கே ஆச்சரியம். உள்ளே வாங்க என்றார்கள். காபியை இங்கேயே கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.