பால், சீனி, அப்புறம்தான் பயறு

என் பத்மாக்கா,

இன்று காலை எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் ஃப்ரீசரைத் திறந்தேன். சர்க்கரை வியாதிக்காரி என்பதால் உங்கள் வீட்டில் வைக்க முடியாமல் என் வீட்டில் ஒளித்துவைத்தீர்களே, அந்தச் சிவப்புப் பயறு ஐஸ்கிரீம் டப்பா பட்டாணிப் பைக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. மூடியிலிருந்த பனியை நகத்தால் சுரண்டிப் படித்தேன். பால், சீனி, அப்புறம்தான் பயறு. எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள். ஊட்டச்சத்து படித்தவள் நான். இதை ஏன் அப்போதே படிக்கவில்லை?

முதல் நாள் நான் சிரித்தேன். "பயறைப் போய் யாராவது ஐஸ்கிரீம்ல போடுவாங்களாக்கா?"

"நீங்கல்லாம் பாயசத்துல பருப்பு போடலையா? அதையே ஜில்லுன்னு சாப்பிடுறோம், அவ்வளவுதான் லா!"

மலேசியாவில், உங்கள் ஈப்போவில் பள்ளிக்கூட வாசலில் விற்கும் சீவின ஐஸுக்கு அடியில் இந்தப் பயறு இருக்கும் என்றீர்கள். சீனர் கல்யாண விருந்து இதே பயற்றின் இனிப்புக் கஞ்சியோடு முடியும் என்றீர்கள். இந்தக் கத்தார் ருவைஸில் இதையெல்லாம் கேட்க உங்களுக்கு என்னை விட்டால் யார்? எனக்கும் உங்களை விட்டால் யார்?

அதனால்தான் இரண்டு ஸ்பூன் தந்தேன். நார்ச்சத்து, புரதம், இரும்புச்சத்து என்று பயற்றின் நல்லதை மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு, நான்கானது. "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினீர்கள்.

நேற்று உங்கள் வீட்டுக்காரர் வந்தார். நீங்கள் போனபின் வேலையை விட்டுவிட்டார்; விசா கேன்சல் ஆகிவிட்டது, இன்று மாலை ஊருக்குக் கிளம்புகிறார். உங்கள் இட்லிப் பானையை என்னிடம் தந்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"வீட்டுல ஒரு துளி சீனி இல்லம்மா. சுகர் எப்படி அவ்வளவு ஏறிச்சு? நான் ஆக்கிப்போட்ட சோறுதான் ஜாஸ்தியோ? உங்க வீட்டுல ஏதும் சாப்பிட்டாளா?"

"இல்லண்ணே. வெறும் டீதான்."

தலையாட்டிவிட்டுப் போனார்.

இந்த டப்பாதான் உங்களைக் கொண்டுபோனது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் காலேஜுக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு ராஸ் லஃபான் கேஸ் பிளாண்டில் டூட்டி. நீங்கள் வரும் நேரம், மத்தியானம் மூன்று மணியானால் இன்னும் கதவைத்தான் பார்க்கிறேன். உங்களைப் பற்றிப் பேச மிச்சமிருப்பது அண்ணன் ஒருவர்தான். உண்மையைச் சொன்னால் அவரும் இனி போன் எடுக்கமாட்டார்.

ஆனாலும் அவர் வண்டி ஏறுமுன், இந்த டப்பாவோடு போய்க் கதவைத் தட்டப்போகிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்குச் செய்த சத்தியத்தை மீறுகிறேன் அக்கா. பதிலுக்கு இன்னொன்று தருகிறேன்: நீங்கள் கேட்டீர்கள் என்று சொல்லமாட்டேன். நான் தந்தேன் என்றுதான் சொல்வேன்.

உங்கள் எதிர்வீட்டுத் தங்கை,
சுமதி