வாசல் மேசையில் கப்பையும் மீன்கறியும்

வியாழன், இரவு.

நாளை முதல் இரண்டு வாரம் கஞ்சித் தண்ணீரும் சூப்பும்தான். அதன்பிறகு வயிற்றைச் சிறிதாக்கும் ஆப்பரேஷன். அதனால் இன்று வேலை முடிந்ததும் சுள்ளிக்கல் முக்கு ஹோட்டலில், எல்லோரும் பார்க்கும் வாசல் மேசையில் உட்கார்ந்து அவித்த மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் கேட்டேன். இத்தனை வருடமும் பார்சல் வாங்கிப் போய், அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே விழுங்கியவள் நான்.

பக்கத்து வீட்டு சாந்தா அக்கா பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"ஆப்பரேஷன்னு சொல்லிட்டு இங்க உக்காந்து தின்னுறியே, உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"நானே சொல்லிக்கிறேன்க்கா" என்றேன். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "சேட்டா, இன்னும் கொஞ்சம் கறி ஊத்துங்க" என்று சத்தமாகவே கேட்டேன். அக்கா போய்விட்டாள்.

முள்ளை நிதானமாக எடுத்துச் சாப்பிட்டேன். பாதியிலேயே போதும் என்று தோன்றியது. அவசரமாக விழுங்கிய நாட்களில் அப்படித் தோன்றியதே இல்லை. மீதியை வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும், கதவைச் சாத்திக்கொண்டு தின்றதையும்கூட, சொன்னேன். கேட்டுவிட்டு, "மீன் நல்லா இருந்துச்சா?" என்றார்.

மயக்க ஊசியை நினைத்தால் இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். ஆப்பரேஷனுக்குப் போகத்தான் போகிறேன்.