கீசர் குழாயோரத்து ஓட்டை

மார்கழி 6, ஞாயிறு

பனி. கொல்லைக் கதவைத் திறந்தால் வயலே தெரியவில்லை. பாப்பாவுக்கு மறுபடி மூக்கடைப்பு. குளியலறையில் வரும் காற்றுதான் காரணம் என்கிறார் அத்தை. இன்று குளிப்பாட்டியதும் சாம்பிராணித் தட்டை அங்கேயே கொண்டுவரச் சொன்னார். புகை நேராக எழவில்லை. கேஸ் கீசர் குழாய் சுவரில் நுழையும் ஓட்டையிலிருந்து காற்று தள்ள, மேலே ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளுக்கு இடையே ஓடியது.

"பாத்தியா, வயக்காத்து எப்புடி வருதுன்னு."

பார்த்தேன். நன்றாகவே தெரிந்தது.

வாங்க வேண்டியது: தெர்மாகோல், சிலிக்கான், அகல டேப். டயபர். மிளகு.

செவ்வாய்

வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் அடைத்தார். குழாயைச் சுற்றி சிலிக்கான், ஜன்னலுக்குத் தெர்மாகோல், ஓரமெல்லாம் டேப். "மகாராணிக்கு ஏசியும் போட்டுரலாமா?" என்று பாப்பாவிடம் கேட்டார். நான்தான் பக்கத்தில் நின்று விட்டுப்போன இடங்களைக் காட்டினேன்.

வியாழன்

குளியலறை கதகதப்பு. அத்தைக்குத் திருப்தி. எனக்குக் குளித்து வந்ததிலிருந்து தலைவலி. தூக்கம் போதவில்லை போல. பாப்பா மூக்கு பரவாயில்லை.

வெள்ளி

பாப்பாவுக்கு எண்ணெய்க் குளியல். அத்தை காலை நீட்டி அவளைக் கிடத்திக்கொள்ள, நான் தண்ணீர் ஊற்றினேன். கதவும் சாத்தியிருந்தது. கீசர் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடியது. சாம்பிராணித் தட்டு மூலையில். தலையில் ஊற்றினால் தெருவே கேட்க அழுபவள், அழவில்லை. சமத்து என்றார் அத்தை. அப்போதுதான் புகையைப் பார்த்தேன். எங்கும் போகாமல் எங்கள் தலைக்கு மேலேயே நின்றது. கீசர் நெருப்பு நீலம் இல்லை, மஞ்சள்.

கீசரை அணைத்தேன். கதவைத் திறந்து, "எந்திரிங்க அத்தை, வெளிய வாங்க" என்று சொல்லி, ஈரத்தோடு அவளைக் கொல்லைக்குத் தூக்கி ஓடினேன். பின்னாலேயே வந்து, "பனியில புள்ளயக் கொல்லப் பாக்குறியா" என்று அத்தை கத்தினார். கொஞ்ச நேரம் பாப்பாவிடம் அசைவே இல்லை. பிறகு வீறிட்டாள். அந்தச் சத்தம்.

நீடாமங்கலம் டாக்டரிடம் மூவரும் போனோம். பயமில்லையாம். இனி கீசர் வெளிச்சுவரில்தான் இருக்க வேண்டும் என்றார். பிளம்பருக்குச் சொல்லியாகிவிட்டது. தெர்மாகோலைக் காய்கறிக் கத்தியால் நானே பெயர்த்தேன். அவர் சிலிக்கானைச் சுரண்டினார்.

நான் பி.எஸ்ஸி. வேதியியல். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும் என்று டியூஷன் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

சனி

மறுபடி பனி. அடுப்பில் வெந்நீர். மிளகு வாங்க மறந்துவிட்டது.

சாம்பிராணிப் புகை சாய்ந்து ஜன்னல் வழியே போனது. பாப்பா தும்மினாள்.

"அந்த ஓட்டையில ஒரு துணியயாவது வைய்யேன்மா" என்றார் அத்தை. நேற்றைக்கு மாதிரி சத்தமாக இல்லை.

வைக்கவில்லை. இன்னொரு துண்டு எடுத்து அவளைச் சுற்றினேன்.