அழுக்குத்தின்னி

மார்ச் 3

அன்புக் கொசுவுக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். என் காது மட்டும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டது. மெஷினை மாட்டிக்கொண்டு போனில் பேசினால் உன் குரல் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி வருகிறது. அதனால்தான் காகிதம்.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சங்கதி. உன் அண்ணனுக்குப் பாலம் கட்டுகிற கம்பெனியில் பதவி உயர்வு. தனி அறை கொடுத்திருக்கிறார்கள், அறைக்கு ஜன்னலும் உண்டாம். அத்தை மகள் பல் டாக்டர் பரீட்சையில் தேறிவிட்டாள். வந்த அன்றே என்னை வாயைத் திறக்கச் சொன்னாள், எட்டிப் பார்த்தாள், "இதுல எனக்கு வேலையே இல்ல பாட்டி"ன்னு மூடச் சொல்லிவிட்டாள். கடைக்குட்டி நீச்சலில் கோப்பை வாங்கியிருக்கிறாள். அதில் என்ன ஊற்றிக் குடிப்பது என்று இரண்டு நாள் வீட்டில் சண்டை.

இவர்கள் எல்லாருக்கும் மேலே நீ. ஒரு குப்பித் தண்ணீரை எடுத்துப் பார்த்தே அதில் எந்தெந்த மீன் நீந்தியது என்று சொல்லிவிடுவாயாமே. இதை நான் தெருவில் சொல்லாத ஆளில்லை. இப்போது யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மீன் டாக்டரம்மாவோட பாட்டி"தான்.

பேப்பரில் நம் ஏரியைப் பற்றி நீ சொன்னது வந்ததை எழுத்துக் கூட்டி முழுக்க வாசித்தேன். எங்கிருந்தோ வந்த மீன் ஒன்று பெருகி, கரையைக் குடைந்து பொந்து வைக்கிறது, வலையைக் கிழிக்கிறது, நம் சின்ன மீன்களின் முட்டையைத் தின்கிறது. முன்பெல்லாம் குளிர்காலத்துத் தண்ணீரே அதைக் கொன்றுவிடும், இப்போது தண்ணீர் அவ்வளவு குளிர்வதில்லை என்று சொல்லியிருந்தாய். உண்மைதான். நானே கம்பளியை வெளியில் எடுத்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

ஏரிக்கரை வண்ணமீன் கடைக்காரர்தான் விற்காத மீனைக் கொட்டியிருக்க வேண்டும் என்று நீ சொன்னதையும் போட்டிருந்தார்கள். மறுநாளே ஏரி அலுவலகத்து ஆட்கள் வந்து கடைக்கு சீல் வைத்துவிட்டார்கள். நேற்று அந்த மனிதர் எதிரே வந்தார். என் பேத்தி படித்துக் கண்டுபிடித்த குற்றமல்லவா, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

ஒரு சின்ன விஷயம். நீ படிக்கப் போகும்போது எனக்குத் துணைக்கு விட்டுப்போன இரண்டு அழுக்குத்தின்னி மீன்களை யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தேன் இல்லையா? கொடுக்கவில்லை. முழ நீளம் வளர்ந்து, தொட்டியில் திரும்பக்கூட இடமில்லாமல் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடந்தன. பார்க்கப் பாவமாக இருந்தது. வாளியில் எடுத்துப் போய் ஏரியில் விட்டேன். அந்தக் கெட்ட மீன் நம் பிள்ளைகளைத் தின்றிருக்குமோ என்றுதான் இப்போது கவலை. வலையில் கிடைத்தால் பத்திரமாக விட்டுவிடச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
பாட்டி


மார்ச் 9

அன்புள்ள பாட்டி,

கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கும் பல் டாக்டருக்கும் வாழ்த்து சொல்லிவிடு.

நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுது. மீனை ஏரியில் விட்டது எந்த வருஷம்? எந்தக் கரையில்? இரண்டுதானா? தெருவில் வேறு யாராவது இப்படி விட்டார்களா?

இதை இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதே. அப்பாவிடமும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கொசு


மார்ச் 15

அன்புக் கொசுவுக்கு,

கோபம் இல்லை என்று நீயாகவே எழுதினால் கோபம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

நீ போன மூன்றாம் வருஷம் விட்டேன். படித்துறையில்தான். கால் வழுக்காத இடம் அது ஒன்றுதான்.

வேறு யாராவது விட்டார்களா என்று கேட்கிறாய். விட்டார்கள். நான் சொல்லித்தான் விட்டார்கள். என்னைப் பார்த்து முதலில் வந்தது தையல்காரர். அவர் வீட்டு மீனும் தொட்டியை மீறி வளர்ந்துவிட்டது. "டாக்டரம்மா பாட்டிக்குத் தெரியாததா, என்ன செய்யலாம்?"னு கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளிடம் ஒரு மனிதர் யோசனை கேட்டு வந்து நிற்கிறாரே என்று. ஏரியில் விடுங்கள், அதுதான் தருமம், என் பேத்தியும் அதைத்தான் சொல்வாள் என்றேன். நீ அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. அப்புறம் தேய்ப்புக்காரர் வந்தார், வாத்தியாரம்மா வந்தார், மாடிவீட்டுக்காரர்கள் வந்தார்கள். எல்லாருக்கும் அதே யோசனை. வாத்தியாரம்மாவின் வாளியை நானே கூடப் பிடித்துக்கொண்டு போனேன்.

உன் கேள்விகள் மனதை அரித்ததால் நேற்று ஏரிக்குப் போனேன். வலைக்காரம்மா கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். "வாங்க பாட்டி, பேத்தி கண்டுபிடிச்ச மீனைப் பாக்க வந்தீங்களா?"ன்னு பிளாஸ்டிக் தொட்டியைக் காட்டினார். கறுப்பாக, முதுகெல்லாம் முள்ளாக ஒன்று கிடந்தது. பேப்பரில் போட்டிருந்த அதே படம். எனக்கு அதை அடையாளம் தெரியவில்லை. நம் வீட்டில் அது எப்போதும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இருக்கும், நான் பார்த்ததெல்லாம் வாயும் வயிறும்தான். முதுகை யார் பார்த்தார்கள்?

அவர் குச்சியால் அதை ஒரு தள்ளு தள்ளினார். அது புரண்டு, தொட்டிச் சுவரில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டது.

அந்த வாயை எனக்குத் தெரியும், கொசு. தினமும் காலையில் நான் பல் விளக்கும்போது எதிரே பார்த்த வாய்.

வலைக்காரம்மா சொன்னார்: "அழகுக்கு வாங்கி வளக்க வேண்டியது, பெருத்துப்போனா எங்க தலையில கொட்ட வேண்டியது. அவங்கவங்க குளிக்கிற தொட்டியில விட்டுக்கிட்டா என்னவாம்? நாளெல்லாம் வலை போட்டா இந்த முள்ளுதான் வருது. போனவருசம் வரைக்கும் வெள்ளி வெள்ளியா சின்ன மீனு வந்துச்சு." அந்தக் கடைக்காரர் நாசமாகப் போக வேண்டும் என்றும் சொன்னார். நான் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் என்று நினைத்திருப்பார்.

எனக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல். ஏரியைக் கெடுத்தது அந்த மனிதரா, நானா?

பாட்டி


மார்ச் 24

அன்புள்ள பாட்டி,

இதற்கு நான்கு தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன்.

தண்ணீர் சோதனை, அந்த மீன் ஏரியில் இருக்கிறது என்று சொல்லும். எங்கே அதிகம், எங்கே குறைவு என்றும் ஓரளவு சொல்லும். யார் கொண்டுவந்து விட்டது என்று சொல்லாது. பேப்பர்காரர் அதைத்தான் கேட்டார். "தெரியாது" என்று சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் படித்துவிட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கடையின் சாக்கடை ஏரியில் விழுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதை வைத்து வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். கடைக்காரருக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை.

அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. உன் இரண்டு மீனையும் நான் அவரிடம்தான் வாங்கினேன். "இது ரொம்பப் பெருசாகும்மா. வளந்துட்டா எங்கயும் விட்டுடாதீங்க, என்கிட்டயே கொண்டுவந்து குடுத்துடுங்க"ன்னு சொல்லித்தான் கவரில் போட்டுக் கொடுத்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று தொட்டியை வைத்துவிட்டு ஓடினேன். உன்னிடம் அதைச் சொல்லவே இல்லை.

ஏரியைக் கெடுத்தது யார் என்று கேட்டாய். அவர் இல்லை. உனக்குத் தெரியாமல் செய்தாய், எனக்குத் தெரிந்தும் சொல்லாமல் போனேன்.

ஆனால் பாட்டி, ஏப்ரல் நடுவில் எனக்கு நேர்முகத் தேர்வு. நிரந்தர வேலை. அந்தப் பேப்பர் செய்தியைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போது நான் தவறாகச் சொன்னேன், மீன் என் வீட்டிலிருந்தே போனது என்று எழுதினால் உள்ளேகூட விடமாட்டார்கள். யார் விட்டிருந்தாலும் தண்ணீர் சூடாவதைப் பற்றி நான் கண்டுபிடித்தது மாறாது. அதுவரைக்கும் பொறுத்துக்கொள். வேலை கிடைத்ததும் நானே எழுதிக் கொடுக்கிறேன். கடை சில வாரம் மூடியிருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது.

கொசு


ஏப்ரல் 2

அன்புக் கொசுவுக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரியை மட்டும் மறுபடி மறுபடி வாசித்தேன். அதை எழுதியது என் கொசுவின் கை என்று நம்ப முடியவில்லை. பொறுத்துக்கொள்ளச் சொன்னாய். என்னால் முடியவில்லை. நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

கடைக்காரர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் கண்ணாடித் தொட்டிகளைத் துடைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். காற்றுக் குழாய்களைச் சுருட்டி நாற்காலியில் போட்டிருந்தார்கள். அவர் மனைவி அந்தக் குழாய்களை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். நான் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது அவருக்கும் தெரியும். இருந்தும் உட்காரச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் விட்டது, தெருவையே விடச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்த பிறகு கடைக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார். "உங்க பேத்திக்கு இது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த பழக்கம் அது, விழப்போனால் கை தானாக நீளும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்"னு சொல்லிட்டேன்.

அவர் ஒரு தொட்டியைத் தூக்கி அடுக்கின்மேல் வைத்துவிட்டு, "திருப்பிக் குடுக்கச் சொல்லித்தானே பாட்டி குடுத்தேன்" என்றார். திட்டியிருந்தால் நன்றாகச் சாப்பிட்டிருப்பேன் அன்றைக்கு.

அங்கிருந்து ஏரி அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி எனக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "வயசான காலத்துல நீங்க ஏன் அலையிறீங்க? டாக்டரம்மா எழுதிக் குடுத்தா கடைக்கு வச்ச சீல எடுத்துடப் போறோம்"னு ஆட்டோ பிடித்து அனுப்பிவிட்டார். நான் சொல்வதற்கு மதிப்பில்லை. மீனை விடச் சொன்னபோது மட்டும் தெருவே கேட்டது.

வீடு வீடாகப் போய் இனி யாரும் ஏரியில் விடாதீர்கள், நான் சொன்னது தப்பு என்று சொல்லியிருக்கிறேன். தேய்ப்புக்காரர், "அப்ப டாக்டரம்மா சொன்னதா சொன்னீங்களே?"ன்னு எல்லார் முன்னாலும் கேட்டார். பெட்டி சூடாக இருக்கிறது என்று அவர் திரும்பியதால் பிழைத்தேன். இன்னொரு சங்கடம். வளர்ந்த மீனைத் திரும்ப வாங்கிக்கொள்கிற ஒரே இடம் அந்தக் கடைதான். அது மூடியிருப்பதால் எல்லாரும் என் வாசலில் கொண்டுவந்து வைக்கிறார்கள். குளியலறையில் துணி ஊற வைக்கிற தொட்டி, வாளி, அண்டா எல்லாவற்றிலும் மீன். உன் அப்பா அடுத்த வீட்டில் போய்க் குளிக்கிறான். சில வாரத்தில் ஒன்றும் ஆகிவிடாது என்றாய், இங்கே வந்து பார்.

உன்னை எழுதிக் கொடு என்று கட்டாயப்படுத்த நான் யார்? உனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. உன் பேரைச் சொல்லிச் சொல்லி நான் வாங்கிக்கொண்ட மரியாதைக்கு அந்த மனிதர் கடை மூடிக் கிடக்கிறது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

பாட்டி


ஏப்ரல் 28

அன்புக் கொசுவுக்கு,

நீ பதில் போடவில்லை. போடாவிட்டாலும் நான் எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை கடை திறந்துவிட்டது. அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்த தாளை நானே நின்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஆதாரம் இல்லாமல் சொன்னேன், அந்த மீன்கள் கடையிலிருந்து போனதாக எந்தச் சான்றும் இல்லை, வீடுகளிலிருந்தே போயின, அவற்றில் என் வீடும் ஒன்று என்று இருந்தது. கீழே உன் கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். நேர்முகத்துக்கு முந்தின நாள்.

வேலை வேறு யாருக்கோ போய்விட்டது என்று உன் அப்பா சொன்னான். நீ யாரிடமும் பேசுவதில்லை, போனை எடுப்பதில்லை என்றும் சொன்னான். என்னைப் பார்க்க உனக்கு வெட்கம் என்று எனக்குத் தெரியும். உன்னைப் பார்க்க எனக்கும் அப்படித்தான். என் வாய்ப் பெருமையும் சேர்ந்துதானே உன் வேலையைத் தின்றது.

வாளிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக வாங்கிப் பின்னால் இருக்கிற பெரிய தொட்டியில் விட்டார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று நான் போகவில்லை. ஆனாலும் திரும்பி வரும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வலைக்காரம்மா தாளை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார் போலிருக்கிறது. படித்துறைப் பக்கம் போனால் எழுந்து வேறு பக்கம் போய்விடுகிறார். ஏரியில் விட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று அவரிடம் கேட்கலாம் என்றிருந்தேன். முடியாது என்று நீ முன்பே பேப்பரில் சொல்லிவிட்டாய்.

நேற்று தையல்காரர் பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அண்ணனின் ஜன்னல், பல் டாக்டர், நீச்சல் கோப்பை எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்லா இருக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உனக்குப் பதில் எழுதக் கூச்சமாக இருந்தால் ஒரு வரிகூட வேண்டாம். ஒரு புதுப் படம் மட்டும் எடுத்துத் தபாலில் அனுப்பு. மேடையில் நிற்கிற படம் வேண்டாம், கையில் மீனும் வேண்டாம். நீ இருக்கிற அறையில், சும்மா உட்கார்ந்து எடுத்தால் போதும். நேராகப் பார்க்க முடிந்தால் பார். முடியவில்லை என்றால் குனிந்தபடியே எடுத்து அனுப்பு. எனக்கு உன் முகம் வேண்டும்.

உன்
பாட்டி